கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். கையை மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கழுவுகிற கை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மகள் ஜெனிபரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். மாலை போடவா கூப்பிடுவார்கள்?

என்ன செய்து தொலைத்தாளோ. கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டால்?

புருஷனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தாயையும் மகளையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அவள் தெருவில் எல்லாத் தாய்க்கும் தெரியும். டீச்சர் ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். பெற்றவளே கை வைத்துவிட்டால் பார்க்கிறவர்களுக்கு மனசு இளகிவிடும்.

உள்ளே மகள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"வாங்கம்மா..." என்றார் டீச்சர்.

அவள் நேராகப் போய் மகள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"அடியாத மாடு படியாது டீச்சர். நீங்களும் நல்லா போடுங்க. கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க. டி.சி. மட்டும் குடுத்துடாதீங்க."

ஜெனிபர் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் தாய்க்கு இன்னும் பயமாக இருந்தது.

டீச்சர் பதறி எழுந்துவிட்டார்.

"ஐயோ, எதுக்கும்மா அடிச்சீங்க? இவ ஒரு தப்பும் பண்ணல. போர்டுல எழுத நான் கையத் தூக்கினாலே மூஞ்ச மூடிக்கிறா. வீட்ல யாரு அடிக்கிறாங்கன்னு கேக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்."

அவள் மகளைப் பார்த்தாள்.

"யாரும் அடிக்கல டீச்சர்" என்றாள் ஜெனிபர். கன்னத்தில் தாயின் விரல்கள் அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தன.

அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவளே பெற்றவள்தான்.

டீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு அருகில் வந்தார். பயப்படாதீங்க என்று சொல்லித் தாயின் தோளைத் தட்டிக்கொடுக்கத்தான் கையைத் தூக்கினார்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் மகளும்.

அந்தரத்தில் நின்ற கையை டீச்சர் மெல்ல இறக்கினார்.

போய்க் கதவைச் சாத்தினார்.