நூலகத்தில் களையெடுப்பு

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அலமாரிகளின் ஊடே எதிர்ச்சுவர் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவருக்கு என்ன நிறம் என்றே அவளுக்குத் தெரியாது. பச்சை.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இரண்டே நாள் விடுப்பில் போய்வந்தாள். அதற்குள் பாதி நூலகத்தைக் காணோம்.

மீதி இருந்தவை வரிசையாகத்தான் நின்றன. தடிப் புத்தகம் ஒன்று. ஒரு சாண் இடைவெளி. இன்னொரு தடிப் புத்தகம். மறுபடி ஒரு சாண். சாயப் பார்த்தவற்றுக்கு மூங்கில் குச்சியால் முட்டுக் கொடுத்திருந்தது.

மெலிந்தவை எல்லாம் வராந்தாவில் கிடந்தன. விறகு மாதிரி அடுக்கி, ஒவ்வொன்றின் அட்டையிலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

வெட்டப்போகும் மரத்துக்குப் போடுகிற குறி.

"வந்துட்டியாம்மா?" ஏணி மேலிருந்து முதல்வர் அரங்கநாயகம் குரல் கொடுத்தார். "நீ கேட்ட களையெடுப்ப நானே முடிச்சுட்டேன்."

அட கடவுளே!

கேட்டது அவள்தான். நூலகர்கள் பாஷையில் களையெடுப்பு என்றால் கிழிந்ததையும் யாரும் தொடாததையும் கழிப்பது. அதற்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனாள். யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

அரங்கநாயகம் முப்பது வருஷம் காட்டில் தேக்கு வளர்த்துவிட்டு இந்த வனக் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர். அவருக்குத் தெரிந்த களையெடுப்பு ஒன்றே ஒன்றுதான். கோணல், நோஞ்சான், குட்டை எல்லாம் போகும். நெட்டையும் தடியும் நிற்கும்.

"இனிமே காத்தும் வெளிச்சமும் படும். எப்படிப் பருத்து வருதுன்னு பாரு!"

புத்தகத்தைத்தான் சொன்னார்.

அவள் வராந்தாவுக்கு ஓடினாள்.

கல்லூரி வெள்ளைக்காரன் காலத்தது. போகும்போது தந்தத்தையும் புலித்தோலையும் தூக்கிக்கொண்டு போனவன், புத்தகங்களை மட்டும் பெருந்தன்மையாக விட்டுப் போனான். எல்லாம் இங்கிலீஷ். எல்லாம் தடி. தலைக்கு வைத்துத் தூங்கியவர்கள் உண்டு, படித்தவர்கள் இல்லை.

பிறகு எப்போதோ ஒரு ஆசிரியர், வனக்காப்பாளர் வேலைக்குப் பயிற்சி பெற வந்தவர்கள் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், பாடத்துக்கு ஒன்றாகத் தமிழில் எழுதித் தட்டச்சு செய்து வைத்தார். காட்டுத்தீ. பாம்புக்கடி. யானை விரட்டுதல். ஒவ்வொன்றும் அப்பளக் கனம். அச்சுக்கே போகவில்லை. வேறு பிரதியும் கிடையாது.

பயிற்சிக்கு வருகிறவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை படித்துத் தேறுவது அதை மட்டும்தான். திங்கட்கிழமை பரீட்சை.

வாசலில் பழைய பேப்பர்காரரின் டெம்போ பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அரங்கநாயகம் ஆறுதல் சொல்வார். சொல்லிக்கொண்டே ஏற்றிவிடுவார். இங்கிலீஷ், தமிழ், பரீட்சை என்று ஆரம்பித்தால் அவர் காதில் ஏறுவதற்குள் டெம்போ தராசுக்குப் போய்விடும்.

பாம்புக்கடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியடிக்கு வந்தாள்.

"சார், இது நோஞ்சான் மரம் இல்ல சார். நாத்து."

ஏணி ஆடுவது நின்றது.

"நாத்தா?"

"ஆமா சார். தானா மொளச்சது."

அவர் இறங்கி வந்தார். கண்ணாடி போட்டார். பக்கங்களைப் புரட்டி மோந்து பார்த்தார். நாற்றை மிதித்தவனை ஊர் எல்லை வரை துரத்தியவர் என்று அவரைப் பற்றி வனத்துறையில் ஒரு பேச்சு உண்டு.

"அடப்பாவமே! நாத்தையா வெட்டப் பாத்தேன்?"

பேப்பர்காரருக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது. பாவம், வரச் சொல்லி வந்த மனுஷன். அரங்கநாயகம் தன் கைக்குட்டையாலேயே சாக்பீஸ் குறிகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அலமாரியில் வைத்தார். அவளுக்கு அந்த வழுக்கைத் தலையைத் தடவிக் கொடுக்கலாம்போல் இருந்தது.

நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது தமிழ் அலமாரியைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருந்தது. ஒரு பலகை. பெயின்ட் இன்னும் காயவில்லை.

'நாற்றுப் பகுதி. மேய்ச்சல் தடை செய்யப்பட்டுள்ளது.'

"சார், பசங்க படிக்கணும் சார்! பரீட்சை!"

"அவனுங்கதான் மொதல்ல மேய்வானுங்க," என்றார் அரங்கநாயகம், கடைசி ஆணியை அடித்தபடி. "மூணு வருஷம் ஒருத்தன் கை வைக்கக் கூடாது. நீதான் வாட்சர்."

சாயங்காலம் பயிற்சி மாணவர்கள் வந்தார்கள். வலைக்கு முன்னால் கும்பலாக நின்று பலகையைப் படித்தார்கள். தடை செய்த காட்டில் ஆடு மாடு விடுகிறவர்களைப் பிடிக்கிற வேலைக்குத்தான் அத்தனை பேரும் படிக்க வந்திருந்தார்கள்.

"ஏனுங் மேடம்," என்றான் மருதாசலம். கூட்டத்திலேயே ஆள் பெரியவன், பாம்புக்கடியில் இரண்டு தடவை ஃபெயிலானவன். "ஒரே ஒரு பாடம் பாத்துட்டு வெச்சர்றனுங்."

அவள் வலையைப் பார்த்தாள். கீழ்க்கம்பியைத் தரையோடு சேர்த்து யாரும் கட்டவில்லை. முதல்வர் அறையைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது.

நாற்காலியைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே தேக்கு பூத்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் கம்பி கிறீச்சிட்டது. யாரோ தவழ்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"நூலகத்துல சத்தம் வரக் கூடாது," என்றாள், திரும்பாமலே.