செராய்

வாசலில் நின்றவரின் கையை அவள் முதலில் தொட்டுப் பார்த்தாள்.

கை இருந்தது.

பெத்தாய்க் காய் பறிக்கக் காட்டுக்குள் போன கணவர். ஒன்பது நாளாகத் தேடுகிறார்கள். ஒன்பது நாளும் மழை. இப்போது உச்சிப் பொழுதில், தானே நடந்து வந்து நிற்கிறார்.

சட்டை நனையவில்லை. காலில் ஓர் அட்டைக்கடி கூட இல்லை.

எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் அடுப்பைப் பார்த்தார்.

பசி. அது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

இத்தனை நாளும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோறுதான். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. கொல்லைக்கு ஓடினாள். எலுமிச்சைப் புல்லான செராயின் புதரைப் பிரித்து, அடியோடு மூன்று தண்டுகளை வெட்டினாள். வெள்ளைப் பகுதியை அம்மியில் வைத்து நசுக்கியதும், எலுமிச்சையும் மண்ணும் கலந்த அந்த வாசனை வீடு முழுவதும் ஏறியது.

அவர் மேல் மட்டும் எந்த வாசனையும் இல்லை. வியர்வை இல்லை, சேறு இல்லை, பீடி இல்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் சமைத்தாள். சின்ன வெங்காயம், மிளகாய், இறால் விழுதான பெலாச்சான். கோழி வெந்ததும் தேங்காய்ப் பால். சூடாகவே தட்டில் ஊற்றினாள்.

அவர் ஊதாமல் தின்றார்.

இருபத்திரண்டு வருஷமாக, குழம்பில் கிடக்கும் செராய்த் தண்டை எடுத்துத் தட்டோரம் ஒதுக்குகிறவர். விறகை யாராவது தின்பார்களா என்று அவளைக் கேலி செய்கிறவர்.

முதல் தண்டைக் கடித்தார். மென்றார். விழுங்கினார்.

இரண்டாவதையும்.

நார் நாராகக் கிழிபடும் சத்தம். அவர் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. மூன்றாவது தண்டைக் கரண்டியால் தேடி எடுத்து, அவர் தட்டில் வைத்தாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

தேடும் குழுவின் தலைவர் சிவபாலன். தினமும் சாயங்காலம் வந்து விவரம் சொல்லிப் போகிறவர். இன்று மதியமே வந்திருந்தார். கேட்டைத் திறந்து படியருகே வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

ஆற்று வளைவில், பாறை இடுக்கில் ஒருவரைக் கண்டெடுத்திருப்பதாகச் சொன்னார். ஆறேழு நாள் ஆகியிருக்கும் என்றார். அவள் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்றார்.

அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு தம்பி. முடிச்சதும் வரேன்."

சிவபாலன் அவள் தோளுக்கு மேலாக, உள்ளே, அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவா சாப்பிடட்டும்க்கா."

உள்ளே வைத்த கண்ணை எடுக்காமல் பின்னோக்கியே நடந்து போய், கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினார்.