மேசைமேல் வைத்து

சபையை விட்டு விலக்கப்பட்டவர் கையிலிருந்து எதையும் நேரே வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியவனும் விலக்கப்படுவான். எழுதிவைத்த அந்த விதியை ஆலயத்தில் வாசித்தவன் தம்பி. விலக்கப்பட்டவர் அவன் அண்ணன். இருவருக்கும் ஒரே தச்சுப்பட்டறை என்பதால் சுத்தியலும் ஆணியும் மேசைமேல் வைத்து எடுத்துத்தான் கைமாறுகின்றன. சன்னல் வெயிலில் மரத்தூள் மினுங்குகிறது. ரம்பத்தை நோக்கித் தவழும் தம்பி மகளை அண்ணன் பாய்ந்து தூக்கிவிடுகிறார். பழக்கதோஷத்தில் மேசையருகே வந்து நிற்கிறார். மேசை முழுக்க உளிகள். "எங்கடா வைக்கிறது?" குழந்தை பெரியப்பாவின் தாடியைப் பிடித்து இழுக்கிறாள். உளிகளை ஒதுக்கப்போன தம்பியின் கை பாதியில் நிற்கிறது. "பிள்ளைய எங்கயும் வைக்க வேணாம்ண்ணே," என்று இரண்டு கைகளையும் நீட்டுகிறான். "என் கையில குடு."