உங்க கையெழுத்து மட்டும் பாக்கி

“இந்த மருந்துக்கு இன்னும் அரசாங்க அனுமதி வரலைங்கறீங்க. அப்புறம் பாப்பாவுக்கு எதுக்குங்க?”

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்த ஜோதிமணி, படிவத்தைத் தொடவே இல்லை.

“மத்த மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தாச்சுங்க. புத்துநோய் அடங்கலை. உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி” என்றார் டாக்டர்.

“கம்பெனி எதுக்குச் சும்மா தருது? எஸ்டேட்டுப் புள்ளைன்னா சோதிச்சுப் பாக்கலாம்னா?”

“அப்படியில்லைங்க. பதினோரு குழந்தைகளுக்குக் குடுத்ததுல நாலு பேருக்குக் கட்டி சுருங்கியிருக்கு.”

“மிச்சம் ஏழு?”

டாக்டர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஒடம்பு ஒத்துக்கலைன்னா நிறுத்துவீங்களா?”

“அன்னைக்கே நிறுத்திருவோம்.”

“எழுதிக் குடுங்க.”

அவர் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்த பிறகே ஜோதிமணி கையெழுத்துப் போட்டாள். சோதனை மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் மருத்துவமனைக் குழுவில் டாக்டர் அல்லாத ஒரே உறுப்பினர் அவள்தான்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் குழந்தையோடு காத்திருந்த வாசுகியிடம் அந்தத் தாளைக் கொடுத்தாள்.

“பத்திரமா வெச்சுக்க.”

“பெத்தவ நானே காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க ஏங்க்கா இத்தனை கேள்வி கேட்டீங்க?”

“போன வருசம் எம் பையனுக்கு நானும் அப்படித்தான் போட்டேன், கண்ணு.”