தட்டு காலியாக இருக்க வேண்டும்

தட்டில் ஒரு றப்பர் வளையம் மிஞ்சிக் கிடந்ததால் வேலப்போடி ஃபெயில்.

கல்முனை நெல் மில்லின் சீமெந்துக் களத்தில், பொனட் திறந்து நின்ற பழைய ஒஸ்டின் காரைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். அன்றைக்கு எல்லாரும் மெக்கானிக். போன கிழமை வரை அதில் ஒருவர் தையல்காரர், ஒருவர் பேக்கரிக்காரர், இன்னொருவர் தம்பிலுவில் பக்கம் கருவாடு வாங்கி விற்பவர். சவூதிக்கு மெக்கானிக்மார் தேவை என்று கொழும்பு ஏஜென்சி அறிவித்ததுதான் தாமதம், ஊரில் பாதிப் பேருக்குக் கையில் கிரீஸ் ஏறிவிட்டது.

சோதனை ஒன்றுதான். பழைய ஒயில் பில்டர்க் கிண்ணத்தைக் கழற்றி வாளிக்குள் போட வேண்டும். அந்த இடத்தில் அடப்டரை வைத்து, அதன் மேல் புது மாதிரி பில்டரைத் திருகி இறுக்க வேண்டும். சாமான்கள் எவர்சில்வர் தட்டில் இருந்தன. முடிகிறபோது தட்டு காலியாக இருக்க வேண்டும்.

சோதனை எடுத்தவர் ஏஜென்சி ஐயா. வெள்ளை முழுக்கைச் சேட்டு, கழுத்தில் டை. காலையிலிருந்து எஞ்சினோடு நின்றும் அந்தச் சேட்டில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு வட்டப் பள்ளம் உண்டு. அதற்குள் பழைய றப்பர் வளையம் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் புது வளையத்தை வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று இருந்தால் ஒயில் நிற்காது. வரிசையில் கடைசியாக நின்ற ஆதம்பாவாவோடு ஒரே கராஜில் பதினைந்து வருசமாக வேலை செய்கிற வேலப்போடி கோணியூசியால் அதைப் பக்குவமாகக் கிளப்பி எடுத்து, எடுத்ததை ஐயா பார்க்கட்டும் என்று தட்டில் வைத்தார்.

“எஞ்சினை ஊசியால குத்துறீங்க. சாமானும் ஒண்டு மிச்சம். வேலை தெரியாது” என்று ஐயா கொப்பியில் கோடு கிழித்தார்.

தையல்காரர் அப்துல் ஹமீட் சோதனையில் பாஸ். வெட்டுத்துண்டைக்கூட மிச்சம் காட்டாத கை அது. எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டுத் தட்டைத் துடைத்தே கொடுத்தார்.

ஒவ்வொருவரும் முடித்த பிறகு, ஐயா தன் ஆட்களைக் கொண்டு கழற்றி, பழைய வளையத்தோடு பழையபடி பூட்ட வைத்தார். கடைசி ஆள் ஆதம்பாவா.

கிண்ணத்தைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தான். பள்ளத்துக்குள் பழைய வளையம் கல்லாக இருந்தது. கோணியூசி அவனுடைய சேட்டுப் பையிலும் இருந்தது. எதிர்ப் பக்கத்தில் நின்ற வேலப்போடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கலியாணத்துக்கு நிற்கிற மூன்று குமர். மூன்று பேருக்கும் சீதனமாக வீடு கட்ட வேண்டும். ஒன்றுக்காவது அத்திவாரம் போட்டாயிற்றா என்று மனைவி ஸம்ஸியா கேட்பதை நிறுத்தியே இரண்டு வருசம்.

புது வளையத்தைப் பழையதின் மேலேயே வைத்தான். அடப்டர் சற்றுச் சரிந்து உட்காருவது கைக்குத் தெரிந்தது. இறுக்கினான். தட்டைத் தூக்கிக் காட்டினான்.

வேலப்போடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இவர்தான் மெக்கானிக்” என்றார் ஐயா. ஆதம்பாவாவின் பாஸ்போட்டை வாங்கித் தோல் பைக்குள் போட்டார். போட்ட பையைக் காரின் பின் சீட்டில் வைத்தார். பொனட்டைச் சாத்தினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அதுவரை அந்தக் கார் மில்லுக்குச் சொந்தமானது என்றே ஆதம்பாவா நினைத்திருந்தான்.

கொழும்பு இருநூறு மைல். வாயைத் திறந்தால் கார் பிழைக்கும், பாஸ் போய்விடும்.

“பார்த்துப் போங்க சேர்” என்றான்.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. களத்தில் கறுப்புச் சொட்டுகள் ஒன்று, இரண்டு என்று விழுந்து, கேற்றடியில் நூலாகவே ஓடின. மற்றவர்கள் பாஸானவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலப்போடி சைக்கிளை எடுத்தார். கைப்பிடியில் ஸ்பானர்ச் சாவிகள் போட்ட பை, கரியரில் ஒயில் தகரம்.

“உன்ட பாஸ்போட்டும் அதுக்குள்ளதானே. வா தம்பி.”

காரைதீவுச் சந்திக்கு இப்பால் கார் புகைந்துகொண்டு நின்றது. ஐயாவின் வெள்ளைச் சேட்டு நெஞ்சிலிருந்து வயிறு வரை கறுப்பு. ஆதம்பாவாவைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் வந்தது.

“அல்லாஹ்வே அனுப்பின மாதிரி வந்தீங்க!”

வேலப்போடி சைக்கிளை ஓரத்தில் நிறுத்தினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே மல்லாந்து நுழைந்தார். பில்டரைக் கழற்றினார், அடப்டரைக் கழற்றினார், கோணியூசியால் பழைய வளையத்தைக் கிளப்பி வயலுக்குள் எறிந்தார். ஆதம்பாவா குனிந்து, கேட்ட சாவியை எடுத்துக் கொடுத்தான். ஒயில் தகரத்தின் மூடியைத் திறந்து வைத்தான்.

ஐயா கைலேஞ்சியால் நெஞ்சைத் துடைத்தபடி, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார். மில்லில் முகத்தைத்தான் பார்த்திருந்தார், அதுவும் நினைவில்லை.

“உங்கட கையாளா? நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க.”

ஆதம்பாவா பின் சீட்டிலிருந்த தோல் பையைப் பார்த்தான்.

“ஓம் சேர்” என்றான்.

காருக்குக் கீழே சாவி திரும்புகிற சத்தம் நின்றது. பிறகு, இன்னும் அரைச் சுற்று இறுகியது.