பறந்த கணக்கு

டிரோன் வாங்கிய வகையில் முத்துக்கனி கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அவளுடைய டிரோன் மிளகாய்க் காடுகளுக்கு மருந்தடித்துப் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் கடன் கழியும். இந்த சீசன் முழுக்கப் பறந்த கணக்கை இன்று மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால், டிரோன் தானாகவே கம்பெனிக்குப் பறந்துபோய்விடும்.

மணி நாலே முக்கால். டிரோனை வயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். டிரோனின் சர்க்யூட் பலகையில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

"பலகை செத்துப்போச்சு, விடு புள்ள," என்றான் கணவன் செல்லப்பாண்டி.

"செத்ததுல வெளக்கு எரியுமாக்கும்? இது எங்கயுள்ள வயரு?"

"டார்ச்லைட்டுக்கு வாங்குனது."

"அட கூறுகெட்ட மனுசா! அது சார்ஜ் மட்டுந்தான் ஏத்தும், கணக்க ஏத்தாது!"

போன் பெட்டியில் வந்த வயரை உருவி வந்து சொருகினாள். கம்ப்யூட்டர் 'கிணுங்' என்றது. பறந்த மணிகள் ஏற ஏற, பாக்கி மடமடவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

"இனி இது நம்ம டிரோனுய்யா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் முத்துக்கனி.