பருத்திப் பனியன்

"ஏம்மா, இந்த ஓசூர்க் குளிர்ல பல்லு தந்தியடிக்குது. ஸ்வெட்டர் கொண்டாரச் சொன்னா, பனியனா வாங்கியாந்து வெச்சிருக்கற?"

கிளைச் சிறையின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று சிணுங்கினான் அசோக்குமார். கழுதை வயசாகியும் அந்தச் சிணுங்கல் மட்டும் போகவில்லை. மாதேஸ்வரிக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஸ்வெட்டரும் இருக்குதுடா சாமி, அடியில பாரு. இது சுத்தப் பருத்தி. வெயில் காலத்துக்கு ஆவும். கொஞ்சம் வேர்த்தாலே உனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு பூத்துக்குமே."

"வெயில் காலம் வரைக்கும் இங்கியே குடியிருக்கப் போறனா? தை பொறந்ததும் ஜாமீன் கெடச்சிரும். கேஸே நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. பூங்கொடி துணி காயப்போடறப்ப வழுக்கி விழுந்தா. நீயும் கடைக்குப் போயிட்ட. இல்லேன்னு சொல்ல அங்க வேற யாரு இருந்தா?"

பூங்கொடி அவன் மனைவி. மொட்டை மாடியிலிருந்து விழுந்து இறந்து இரண்டு மாதமாகிறது. அவளைப் பெற்றவர்கள் கொடுத்த புகாரில்தான் அவன் உள்ளே இருக்கிறான்.

மாதேஸ்வரி வலையருகே நெருங்கி நின்றாள். மகனின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வலைக்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. அந்த ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"குடுக்கறத மூஞ்சி சுளிக்காம சாப்புட்டுப் பழகிக்க கண்ணு. உள்ள தையல் வேலையெல்லாம் சொல்லித் தருவாங்களாமே, கத்துக்க. கைக்கு வேலை இருந்தா மனசு அலையாது."

"நீ வேற! கம்பெனியில என் மெஷின் எனக்காகக் காத்துக்கிட்டிருக்குது. வெளிய வந்ததும் மொத ஷிப்டுக்கே போயிருவேன். பாப்பா எப்பிடிம்மா இருக்கறா?"

"மத்தூர்ல அவ அம்மாயிகிட்ட இருக்கறா. இன்னிக்குப் பாத்துருவேன்."

அவன் குரல் திடீரென்று உடைந்தது. "யாரு வேணா என்னென்னமோ பேசட்டும். நீ மட்டும் என்னை வெறுத்துராதம்மா."

"பைத்தியக்காரா! நீ என்ன பண்ணாலும் என் புள்ளதான்டா. நீ எங்க இருந்தாலும், எத்தினி வருசமானாலும், உன்னப் பாக்க வந்து நிப்பேன்."

காவலர் நேரமாகிவிட்டது என்றார். மகன் உள்ளே போய் மறையும்வரை மாதேஸ்வரி சிரித்த முகமாகவே நின்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில், இடுப்பில் குழந்தையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள் பூங்கொடியின் தாய் நாகம்மாள். மகளைப் புதைத்த நாளிலிருந்து சம்பந்தியிடம் அவள் பேசியதில்லை.

"போன் பண்ணி வரச் சொன்னீங்களே, எதுக்கு? புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சறதுக்கா?"

மாதேஸ்வரி கைநீட்டினாள். பேத்தி தாவி வந்தாள். அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தண்டனையானா போற சேலம் ஜெயில்ல வெயில் கொளுத்துமாம், புள்ள தாங்கமாட்டான். அதான் பனியன் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வாங்க சம்பந்தி, ஸ்டேஷனுக்குப் போலாம். அன்னிக்கு நான் கடையிலிருந்து திரும்பி வந்து மாடிப்படியில நின்னதையும், அவன் நம்ம பூங்கொடியைத் தள்ளிவிட்டதை என் ரெண்டு கண்ணால பாத்ததையும் சொல்லிடறேன்."